அதிக மணி நேரம் ஓடிய இன்ஜினோடு ஒரு பழைய ஃபைபர் போட்: வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பழைய போட் வாங்க வருகிறவர்கள் கரையில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்பதுதான். விற்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். எண் பெரிதாக இருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். சிறிதாக இருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

எங்கள் குடும்பம் வாங்கிய முதல் பழைய ஃபைபர் போட்டின் இன்ஜின் 600 மணி நேரம்தான் ஓடியது என்று சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் கடைசி ஒன்றரை வருடம் அது ஓடவே இல்லை. தார்ப்பாய் மூடி மணலில் கிடந்தது. வாங்கிய இரண்டாவது மாதம், வலை போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்து போட்காரர்கள்தான் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓடும் உள் உறையான லைனர் முழுக்கத் துருப்புள்ளி. அடுத்து வாங்கிய போட்டின் இன்ஜின் 4,000 மணி தாண்டியது. அப்பா பயந்துகொண்டேதான் வாங்கினார். நான்கு வருடம் ஒரு நாள்கூட எங்களைக் கடலில் நிறுத்தவில்லை.

அதனால் அதிக மணி ஓடியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு போட்டை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஓட்டியவர் எப்படி ஓட்டினார், ஓடாத நாளில் எப்படி வைத்திருந்தார் என்பதையெல்லாம் இன்ஜினைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை மாற்றினால் பல விஷயங்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

முதலில் ஒரு கணக்கு

ஃபைபர் போட்டில் மணி காட்டும் மீட்டர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் உப்புக்காற்றில் எப்போதோ நின்றிருக்கும், அல்லது புதிதாக மாட்டியிருப்பார்கள். ஆகவே மீட்டரைப் பார்க்காதீர்கள், தொழிலைப் பாருங்கள். ஒரு போட் நாளைக்கு 5 மணி நேரம் இன்ஜின் ஓட்டி, மாதம் 20 நாள் கடலுக்குப் போனால் 100 மணி. மழை, காற்று, ரிப்பேர் எல்லாம் போக வருடத்துக்கு 10 மாதம் என்று வைத்தால் 1,000 மணி. நான்கு வருட இன்ஜின் என்றால் 4,000 மணி வருவது சாதாரணம். "நாலு வருஷ இன்ஜின், 800 மணிதான் ஓடிச்சு" என்று யாராவது சொன்னால், மீதி நாளெல்லாம் அது எங்கே கிடந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு வழி டீசல். 10 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 2 லிட்டர் ஒட்டிக் குடிக்கும். டீசல் வாங்கிய புத்தகமோ ரசீதோ விற்பவரிடம் இருந்தால், ஒரு வருடத்தில் வாங்கிய லிட்டரை 2 ஆல் வகுத்துப் பாருங்கள். வருடம் 2,000 லிட்டர் என்றால் 1,000 மணி ஓடியிருக்கிறது. மெதுவாக ஓட்டியிருந்தால் மணி இன்னும் கூடும். விசைப்படகு வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். 120 குதிரைத்திறன் இன்ஜின் ஓட்டத்துக்கு ஏற்ப மணிக்கு 15 முதல் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? போட்டின் பின்னால் வெளியே மாட்டும் பெட்ரோல் அவுட்போர்டு என்றால் 1,500 மணி தாண்டினாலே நிறைய ஓடியது என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் பெரிய உள் டீசல் இன்ஜின்கள் நல்ல கவனிப்பில் 5,000 மணிக்கு மேலும் பெரிய வேலை இல்லாமல் ஓடும். நீண்ட சாஃப்ட் வைத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் இரண்டுக்கும் நடுவில். அதில் ரிங், வால்வு வேலை இடையிடையே வரும், ஆனால் கரையிலேயே பிரித்துப் பூட்ட ஆள் கிடைக்கும்.

எந்தக் கரை, எந்த மாதம்

போட் எங்கே நின்றது என்பதிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும். சென்னையில் காசிமேடு துறைமுகத்தில் தண்ணீரிலேயே மிதந்து நிற்கும் போட்டின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டும், நீர்க்கொப்புளம் வரும். நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம், நீலாங்கரை மாதிரி மணலில் ஏற்றும் கரைகளில் அடிப்பகுதி தேயும், முக்கியமாக ஏரா, அதாவது அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு. பழவேற்காடு, எண்ணூர் பக்கம் முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடப்பதால், அங்கே ஓடிய போட்டுகளில் சாஃப்ட்டும் விசிறியும் தரை தட்டி அடி வாங்கியிருக்கலாம். ஆகவே போட்டைப் பார்க்கப் போகும் முன்பே, அது எந்தக் கரையில் தொழில் செய்தது என்று விசாரித்துவிடுங்கள்.

விசைப்படகு என்றால் காலமும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். அடிப்பகுதியை, சாஃப்ட்டை, சுக்கானை முழுசாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. படகின் உடம்பை மே மாதத்தில் பார்த்து, மீதிப் பணத்தைத் தடை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். தடைக்காலம் தொடங்கும் முன், மார்ச் மாதத்தில் அவசரமாக விற்கும் படகுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதிக்க வேண்டும். கரையேற்றினால் செலவு வரும் என்று தெரிந்தே சிலர் தள்ளிவிடுவார்கள்.

சென்னையில் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: "இன்ஜின் எப்பவாவது தண்ணியில முழுகிச்சா?" 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல்கள் வரிசையாக வந்துபோன கடற்கரை இது. கவிழ்ந்த, மூழ்கிய போட்டிலிருந்து எடுத்த இன்ஜினை உடனே பிரித்துக் கழுவியிருந்தால் பிழைக்கும். இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தால் உள்ளே உப்பு அரித்திருக்கும். வயர் முனைகளில் வெள்ளைப் பொடி, ஸ்டார்ட்டர் மோட்டாரில் துரு, மற்ற போல்ட்டெல்லாம் பழசாக இருக்கச் சில மட்டும் பளபளப்பாகப் புதிது என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உடம்பைத் தட்டிப் பாருங்கள்

இன்ஜினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உடம்பு போனால் எல்லாம் போச்சு. அதனால் இன்ஜின் பக்கம் போகும் முன் ஒரு சின்னச் சுத்தியலோ 5 ரூபாய் நாணயமோ எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஃபைபர் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்திலோ உள்ளே தண்ணீர் இறங்கிய இடத்திலோ சத்தம் மொத்தென்று அடங்கிவிடும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். விலை பேசும்போது அந்தக் குறிகள் உதவும்.

ஏரா தேய்ந்து கண்ணாடி இழை வெளியே தெரிகிறதா என்று குனிந்து, கையால் தடவிப் பாருங்கள். அவுட்போர்டு போட்டில் இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பலகை வைத்து மேலே ஃபைபர் போட்டிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் மக்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பின்பலகை அசைந்தால், அல்லது போல்ட் பக்கத்தில் பழுப்பு நீர் கசிந்த தடம் இருந்தால், அந்தப் பின்பலகையையே மாற்ற வேண்டிவரும். உள் இன்ஜின் போட்டில் இன்ஜின் உட்காரும் கட்டைகளை இதே மாதிரி பாருங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் ஏராளமான ஃபைபர் போட்டுகள் நிவாரணமாக வந்தன. அவசரத்தில் செய்தவை என்பதால் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. அந்தக் காலத்துப் போட்டுக்கு இப்போது சுமார் 20 வயது. புதிய பெயின்ட் அடித்து நிற்கும் போட்டின் வயதைப் பதிவுக் காகிதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஜின் சூடேறும் முன்

நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வயதான மெக்கானிக் ஒருவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "தம்பி, பேசுறதுக்கு முன்னாடி ஹெட்டு மேல கைய வை." சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஓட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் எளிதாக ஸ்டார்ட் ஆகும், புகையும் குறையும். அப்படியென்றால் சண்டை வேண்டாம். "நாளைக்குக் காலையில வரேண்ணே, அதுவரைக்கும் ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆயில் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது குறை இல்லை. பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்தால் உலோகத் தூள். அன்று காலைதான் மாற்றியது போல ஆயில் மிகச் சுத்தமாக இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். பழைய ஆயில் காட்டியிருக்கும் விஷயம் அதோடு போயிருக்கும்.

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு, பார்க்கக் கருவியே வேண்டாம். டீசல் லீவரை நிறுத்தும் நிலையில் வைத்து, அந்த அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். விட்டால் பின்னால் துள்ள வேண்டும். புஸ்ஸென்று காற்று போய்த் தளர்வாகத் தாண்டினால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. இந்த வகை இன்ஜின்கள் பல காற்றில்தான் குளிரும். சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கைகளுக்கு நடுவே உப்பும் மீன் செதிலும் ஆயில் பிசுக்கும் அடைத்துக் கிடந்தால், பல மாதம் அது அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 4,000 மணி என்ற எண்ணைவிட இந்த அடைப்புத்தான் பெரிய பயம்.

அவுட்போர்டில் பிளக்குகளைக் கழற்றிக் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் அழுத்தம் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நல்லது. எண் கொஞ்சம் குறைவாக, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சமமாகத் தேய்ந்த இன்ஜின். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது. பிறகு கியர் பெட்டியின் அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். கியர் ஆயில் பால்போல் வந்தால் சீல் போயிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய இன்ஜின் என்றால் கரி அதிகம் பிடித்திருக்கும். அதைச் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நீண்ட சாஃப்ட்டைக் கையால் சுற்றி, ஒரு குச்சியை அசையாமல் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் சாஃப்ட் வளைந்திருக்கிறது. புஷ், பேரிங் ஆட்டமும் கையிலேயே தெரியும்.

ஸ்டார்ட் செய்யுங்கள், புகையைப் பாருங்கள்

குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் நிமிடம் கொஞ்சம் வெள்ளைப் புகை விடுவது இயல்பு. சூடேறிய பிறகும் நிற்காவிட்டால், காற்றில் குளிரும் இன்ஜினில் டீசல் சரியாக எரியவில்லை: நோசில் (டீசலைத் தெளிக்கும் முனை), டைமிங் அல்லது கம்ப்ரஷன் குறை. தண்ணீரில் குளிரும் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் போவதாகவும் இருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பாரம் அதிகம், காற்று அடைப்பு அல்லது நோசில் கோளாறு. பயப்பட வேண்டிய அளவில் இது கடைசி, நோசிலை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

நன்றாகச் சூடேறியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே காட்டுங்கள். லேசான ஆவி இருக்கும். பக் பக் என்று புகை அடித்தால், கரையில் சொல்வது போல "கேஸ் அடிக்குது". அப்படியென்றால் ரிங், லைனர் வேலை நெருங்கிவிட்டது.

அவுட்போர்டில் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் சீராக, விடாமல் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் வாட்டர் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. வழியில் உப்பு அடைத்திருந்தால் பெரிய செலவு.

கடலில் ஓட்டாமல் பணம் தராதீர்கள்

கரையில் நன்றாக ஓடும் இன்ஜின் பாரம் ஏறியதும் மூச்சு வாங்கும். நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கூடவே இன்னொரு போட் வந்தால் நல்லது. கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554. போனில் போட்டு வையுங்கள். வாடைக் காற்று வலுத்து அடிக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

பத்து நிமிடம் முழு வேகத்தில் விடுங்கள். வேகம் படிப்படியாக இறங்குகிறதா, சத்தம் மாறுகிறதா, புகை கூடுகிறதா என்று கவனியுங்கள். ஆள் இல்லாத பக்கமாகத் திரும்பி, இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். மணலிலிருந்து போட் தள்ளுகிறவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அலை உடையும் இடத்தில் இன்ஜின் நின்றால், போட் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். அங்கே உயிர் போயிருக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் விலையைப் பார்த்து இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் போட்டின் அடியில் தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது, ஆயில் எங்காவது கசிந்ததா, ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். விசைப்படகில் சாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்டில் ஓடும்போது சில சொட்டு வருவது சரி. ஒழுகிக்கொண்டே இருந்தால் சரியில்லை.

காகிதம்

பதிவுச் சான்றை விற்பவர் பெயரோடும், போட்டில் எழுதியிருக்கும் IND-TN வரிசை எண்ணோடும், இன்ஜினில் அடித்திருக்கும் எண்ணோடும் ஒப்பிடுங்கள். எண்ணில் MM என்றிருந்தால் விசைப்படகு, MO என்றிருந்தால் இன்ஜின் பொருத்திய சிறு போட். இன்ஜின் எண் சுரண்டியிருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். இன்ஜினை மாற்றியிருந்தால் அது பதிவில் ஏறியிருக்க வேண்டும். மானியத்தில் வாங்கிய இன்ஜினா, அதைக் கைமாற்ற நிபந்தனை ஏதும் உண்டா, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் நிலுவை இருக்கிறதா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பெயர் மாற்றம் முடியாமல் போட்டை ஓட்டினால் வரிவிலக்கு டீசல், நிவாரணம், காப்பீடு எல்லாவற்றிலும் சிக்கல் வரும்.

வேறு கரையிலிருந்து போட் கொண்டுவருகிறீர்கள் என்றால் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட் நிறுத்த இடம், இழுக்க ஆள், ஆபத்தில் தேட வருகிறவர்கள் எல்லாம் அவர்கள்தான்.

விலை பேசுவது

போட்டையும் இன்ஜினையும் தனித்தனியாக விலை போடுங்கள். அதிகம் ஓடிய இன்ஜினுக்கு இரண்டு மெக்கானிக்குகளிடம் முழு ஓவர்ஹால் செலவைக் கேளுங்கள், உதிரிபாகத்தோடு. அவர்களில் ஒருவராவது விற்பவருக்குத் தெரியாதவராக இருக்கட்டும். ஓடும் நிலையில் உள்ள அதே இன்ஜினின் சந்தை விலையிலிருந்து அந்தச் செலவைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் இன்ஜினுக்குத் தர வேண்டிய அதிகபட்ச விலை. கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், உடம்புக்கு மட்டும் விலை பேசுங்கள். விற்பவரிடம் சாக்பீஸ் குறிகளையும், ஸ்டிக்கில் பார்த்ததையும் அமைதியாகக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் நியாயம் இருந்தால் இறங்கி வருவார்கள். அவர்களும் இதே கரையில்தான் இருக்க வேண்டும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். ஓவர்ஹால் செலவில் பாதியாவது தனியாக எடுத்து வையுங்கள். எங்கள் 4,000 மணி இன்ஜினுக்கும் முதல் வருடத்திலேயே நோசிலும் ஒரு பேரிங்கும் மாற்ற வேண்டி வந்தது. பணம் இருந்ததால் இரண்டு நாளில் கடலுக்குப் போனோம்.

வாங்கிய முதல் வாரம்

ஆயில், எல்லா ஃபில்டர், அவுட்போர்டானால் கியர் ஆயிலும் பம்பின் ரப்பர் சக்கரமும் உடனே மாற்றுங்கள். டீசல் டாங்கை இறக்கி அடியில் தேங்கிய தண்ணீரையும் கசடையும் கழுவுங்கள். முதல் ஆயிலை 50 மணியில் மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் ஒட்டினால் கவலை இல்லை, துகள் ஒட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதன்பிறகு 100 மணிக்கு ஒருமுறை. அவுட்போர்டைத் தினமும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள்.

அப்புறம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். கடலுக்குப் போன நாள், ஓடிய மணி, ஊற்றிய டீசல், மாற்றிய ஆயில், செய்த வேலை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். எங்கள் வீட்டில் இதை அம்மாதான் எழுதினார். அப்பா கரைக்கு வந்து மணியைச் சொன்னதும் அடுப்படியிலிருந்தே வந்து குறித்துவைப்பார்.